யார் பெரியவர்? கியூபக் குத்துச்சண்டையின் தீராத வழக்கு

ஹவானா நகரின் நடுவே, கேபிடோலியோ மாளிகைக்கு எதிரில் ஓர் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. 1991-இல் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகள் அந்நகரில் நடந்தபோது கட்டியது. அரசு அதற்கு வைத்த பெயர் கிட் சாக்லேட். அப்போது தொழில்முறைக் குத்துச்சண்டை கியூபாவில் தடை செய்யப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. காசுக்குச் சண்டை போடுவது மனிதனைச் சரக்காக்கும் வேலை என்று சொல்லித்தான் தடுத்திருந்தார்கள். அதே அரசு, நியூயார்க்கில் காசுக்குச் சண்டை போட்டுப் பேரும் பணமும் சம்பாதித்த ஒருவரின் பெயரைத் தலைநகரின் மையத்தில் எழுதி வைத்தது. கியூபாவின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற வழக்கு ஏன் தீராமல் நீள்கிறது என்பதற்கு அந்தப் பெயர்ப்பலகையே சாட்சி.

அந்தத் தீவுக்கு இரண்டு குத்துச்சண்டை வரலாறுகள் உண்டு. 1962-க்கு முந்தையது மேடிசன் ஸ்கொயர் கார்டனின் வரலாறு: பதினைந்து ரவுண்டு, மேலாளர், சூதாட்டக்காரர், டாலர். பிந்தையது ஒலிம்பிக்கின் வரலாறு: மூன்று ரவுண்டு, அரசுப் பள்ளி, தேசிய கீதம், பதக்கம். ஒரு கோடியைச் சுற்றியே மக்கள்தொகை கொண்ட கியூபா, 1972 முதல் 2024 வரை ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 42 தங்கம் வென்றிருக்கிறது. ஒலிம்பிக் குத்துச்சண்டையின் மொத்தத் தங்கக் கணக்கில் அதற்கு முன்னால் நிற்பது அமெரிக்கா ஒன்றுதான். முதல் வரலாற்றில் நின்று பார்ப்பவருக்கு இரண்டாவதன் நாயகர்கள் பாதி சோதிக்கப்பட்டவர்களாகத் தெரிகிறார்கள். இரண்டாவதில் நிற்பவருக்கு முதலாவதன் நாயகர்கள் முதலாளிகளிடம் சிக்கிச் சீரழிந்தவர்களாகத் தெரிகிறார்கள். இரு பார்வையிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவை அடுத்த மரியானாவ் குதிரைப் பந்தயத் திடலில், உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனை ஜெஸ் வில்லர்ட் 26-ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். உலகமே பேசிய அந்தச் சண்டையில் கியூபர்களுக்குப் பார்வையாளர் வேடம் மட்டுமே. மேடைக்கு மேலே ஒரு கியூபர் உலக சாம்பியனாக நிற்க இன்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின.

அவர்தான் கிட் சாக்லேட். இயற்பெயர் எலிஹியோ சர்தீனியாஸ் மொந்தால்வோ. 1910-இல் ஹவானாவின் செர்ரோ பகுதியில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தெருவில் பத்திரிகை விற்ற சிறுவன், பத்திரிகைப் பையன்களுக்காக நடத்திய போட்டியில் முதலில் கையுறை மாட்டினான். மேலாளர் லூயிஸ் 'பிஞ்சோ' குத்தியரெஸ் அவரை 1928-இல் நியூயார்க்குக்கு அழைத்துப் போனார். நூறு அமெச்சூர் சண்டை, நூறிலும் வெற்றி என்று அங்கே பரப்பப்பட்ட கணக்கை வரலாற்றாசிரியர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். கணக்கு பொய்யாக இருக்கலாம், கால்கள் பொய் சொல்லவில்லை. எதிராளியின் குத்து வரும் இடத்தில் அவர் இருப்பதில்லை. அந்தக் குத்து காற்றில் முடிவதற்குள் அவர் குத்து போய்ச் சேர்ந்துவிடும். 1930 ஆகஸ்டில் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் லண்டன்காரர் ஜாக் 'கிட்' பெர்க்கிடம் முதல் தோல்வி. 1931 ஜூலை 15 அன்று பிலடெல்ஃபியாவில் பென்னி பாஸை ஏழாவது ரவுண்டில் நிறுத்தி ஜூனியர் லைட்வெயிட் பட்டத்தை வென்றார். கியூபாவின் முதல் உலகப் பட்டம் அது.

அதே ஆண்டு நவம்பரில் லைட்வெயிட் சாம்பியன் டோனி கான்சொனெரியுடன் பதினைந்து ரவுண்டு மோதி நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். 1933-இல் அதே கான்சொனெரி அவரை இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்தார். இரவு வாழ்க்கையும் பட்டுச் சட்டைகளும் பயிற்சியைத் தின்றுவிட்டன. 28 வயதில், 1938-இல் ஓய்வு. ஹவானாவுக்குத் திரும்பி, புரட்சிக்குப் பிறகும் அங்கேயே இருந்து, 1988-இல் அங்கேயே இறந்தார். அரங்கத்துக்கு அவர் பெயர் கிடைத்ததில் அந்தத் தங்கியிருத்தலுக்கும் பங்கு உண்டு. அவரைவிடப் பெரிய சாதனை செய்த இன்னொருவர் தங்கவில்லை.

கிட் கவிலான் என்று உலகம் அறிந்த ஹெரார்தோ கொன்சாலெஸ் 1926-இல் கமகுவே மாகாணத்தில் பிறந்தார். கரும்பு வயல்களின் நாடு அது. இடுப்புக்குக் கீழிருந்து அரைவட்டமாகச் சுழன்று மேலேறும் அவருடைய 'போலோ பஞ்ச்', வெட்டரிவாளால் கரும்பு வெட்டிய கையிலிருந்து வந்தது என்று அவரே சொல்லி வந்தார். அந்தக் குத்தைப் புகழ்பெறச் செய்ததில் பிலிப்பைன்ஸின் செஃபெரினோ கார்சியா அவருக்கு முந்தியவர். ஆனால் கவிலான் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வந்த காலத்தவர். அவர் கை சுழல்வதை வெள்ளிக்கிழமை இரவுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தன.

1948-இலும் 1949-இலும் வெல்டர்வெயிட் சாம்பியன் ஷுகர் ரே ராபின்சனோடு மோதினார். இரண்டிலும் தோல்வி, இரண்டிலும் கடைசி மணி வரை நின்றார். ராபின்சன் மேல் எடைக்குப் போனபின், 1951 மே 18 அன்று ஜானி பிராட்டனை வென்று வெல்டர்வெயிட் சாம்பியனானார். 1952 பிப்ரவரியில் மயாமியில் பாபி டைக்ஸோடு அவர் மோதியது, அந்நகரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சண்டையிட்ட முதல் நிகழ்ச்சி. அதே ஆண்டு அக்டோபரில் ஹவானாவிலேயே பில்லி கிரஹாமுக்கு எதிராகப் பட்டத்தைக் காத்தார். 1953 செப்டம்பரில் சிரக்யூஸில் கார்மென் பசிலியோ அவரை இரண்டாவது ரவுண்டில் தரையில் உட்கார வைத்தார். எழுந்தார், தலை தெளியும்வரை நகர்ந்துகொண்டே இருந்தார், பதினைந்து ரவுண்டு முடிவில் வென்றார். பசிலியோ பிற்காலத்தில் ராபின்சனையே தோற்கடித்தவர் என்பதை நினைவில் வைத்தால் அந்த இரவின் கனம் புரியும்.

பட்டம் பறிபோனது 1954 அக்டோபர் 20 அன்று, பிலடெல்ஃபியாவில். ஜானி சாக்ஸ்டன் பதினைந்து ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். தீர்ப்பு சாக்ஸ்டனுக்கு. மேடையோரம் இருந்த செய்தியாளர்களில் பெரும்பாலோர் கவிலான் வென்றதாகவே எழுதினார்கள். சாக்ஸ்டனின் மேலாளர் பிளிங்கி பலெர்மோ. குத்துச்சண்டையில் மிரட்டிப் பணம் பறித்த குற்றத்துக்காகப் பின்னாளில் சிறை சென்றவர். 1958-இல் ஓய்வு பெற்றபோது கவிலானின் கணக்கு 143 சண்டைகள். அவற்றுள் ஒன்றில்கூட அவரை யாரும் நாக்அவுட் செய்ததில்லை. ஓய்வுக்குப் பின் யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்தார். புரட்சி அரசோடு அது ஒத்துப்போகவில்லை. 1968-இல் கியூபாவை விட்டு மயாமிக்குப் போய், 2003-இல் அங்கே இறந்தார்.

சாந்தா கிளாராவின் கரும்பு வயலிலிருந்து வந்த பென்னி 'கிட்' பாரெட்டின் கதை கசப்பானது. இருமுறை வெல்டர்வெயிட் சாம்பியன். 1961 டிசம்பரில் மிடில்வெயிட் சாம்பியன் ஜீன் ஃபுல்மரிடம் கடுமையாக அடிபட்டார். நல்ல மேலாளர் என்றால் ஓராண்டு ஓய்வு கொடுத்திருப்பார். பாரெட்டை நான்கு மாதம்கூட ஆகாமல், 1962 மார்ச் 24 அன்று, எமில் கிரிஃபித்தோடு மேடையேற்றினார்கள். பன்னிரண்டாவது ரவுண்டில் மூலையில் கயிற்றில் சாய்ந்து நின்றவர் மீது குத்துகள் விழுந்துகொண்டே இருக்க, தொலைக்காட்சி அதை நாடெங்கும் காட்டியது. ஏப்ரல் 3 அன்று பாரெட் இறந்தார்.

அதே 1962-இல்தான் ஹவானா தொழில்முறை விளையாட்டைத் தடை செய்தது. தடைக்குப் பாரெட்டின் சாவு காரணமல்ல. புரட்சி அரசின் கொள்கை முன்பே அந்தத் திசையில் இருந்தது. ஆனால் கொள்கைக்கு வாதம் வேண்டியவர்களுக்கு அதைவிட வலுவான வாதம் கிடைத்திருக்காது. கையுறையால் வாழ்ந்தவர்கள் முன் இரண்டே வழி: கையுறையைக் கழற்றுவது, அல்லது நாட்டை விட்டுப் போவது.

போனவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. 1963 மார்ச் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஒரே இரவில் இரண்டு கியூபர்கள் உலக சாம்பியன் ஆனார்கள். மதான்சாஸில் பிறந்து மெக்சிகோவில் குடியேறிய ஷுகர் ராமோஸ், ஃபெதர்வெயிட் சாம்பியன் டேவி மூரைப் பத்து ரவுண்டில் நிறுத்தினார். கமகுவேயின் லூயிஸ் ரொட்ரிகஸ், கிரிஃபித்திடமிருந்து வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். கொண்டாட்டம் நிலைக்கவில்லை. உடைமாற்றும் அறையில் நினைவிழந்த மூர் நான்கு நாளில் இறந்தார். பாரெட் இறந்து ஓராண்டுக்குள் இன்னொரு உயிர்.

ரொட்ரிகஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அவரை மறந்துவிட்டுப் பேசுபவர்களே அதிகம் என்பதால். மயாமி பீச்சில் ஆஞ்சலோ டண்டியிடம், இளம் முகமது அலி பயின்ற அதே கூடத்தில் பயின்றவர். கிரிஃபித்தோடு நான்கு முறை மோதினார். ஒன்றில் வெற்றி, தோற்ற மூன்றும் பிளவுபட்ட தீர்ப்புகள். தோல்விகளில் ஒரு நடுவரின் அட்டை வேறு மாதிரி இருந்திருந்தால் இன்று அவர் பெயர் முதல் வரிசையில் ஒலிக்கும். ரூபின் கார்ட்டரை 1965-இல் இருமுறை வென்றார். 1969 நவம்பரில் ரோமில் மிடில்வெயிட் சாம்பியன் நீனோ பென்வெனூத்தியைப் பத்து ரவுண்டு ஆட்டிவைத்துவிட்டு, பதினோராவதில் ஒரே ஓர் இடக்கை ஹுக்கில் சாய்ந்தார்.

சாந்தியாகோவில் பிறந்த ஹோசே 'மந்தெகீயா' நாபொலெஸுக்கு மெக்சிகோ தாய்வீடாகவே ஆனது. லைட்வெயிட் காலத்தில் சாம்பியன்கள் அவரோடு மோத முன்வராததால் ஏழாண்டு காத்திருந்தார். 1969 ஏப்ரலில், 29 வயதில், கர்டிஸ் கோக்ஸை நிறுத்தி வெல்டர்வெயிட் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கிரிஃபித்தையும் வென்றார். வழவழப்பான நடை, அதற்குள் ஒளிந்திருக்கும் கொடிய குத்து: இரண்டும் ஒரே உடலில் சேர்வது அரிது. இடையில் ஒருமுறை, 1970-இல், முகம் கிழிந்ததால் பில்லி பாக்கஸிடம் பட்டத்தை இழந்து அடுத்த ஆண்டே மீட்டார். 1974-இல் முகமூடி மல்யுத்த நாயகன் சாந்தோவோடு சினிமாவிலும் நடித்தார். அதே ஆண்டு பாரிஸ் அருகே மிடில்வெயிட் சாம்பியன் கார்லோஸ் மொன்சோனிடம் ஆறு ரவுண்டில் முடிந்துபோனார். அந்தச் சண்டையை வைத்து ஹூலியோ கொர்த்தாசார் ஒரு சிறுகதையே எழுதினார்.

இவர்கள் வெளியே வென்றுகொண்டிருக்க, உள்ளே வேறொன்று உருவானது. 1964 முதல் தேசியப் பயிற்சியாளராக நாற்பது ஆண்டுக்கு நெருக்கமாக இருந்த அல்சிதெஸ் சகர்ரா அதன் சிற்பி. சோவியத் நாட்டிலிருந்து ஆந்திரே செர்வொனென்கோ வந்தார். கிழக்கு ஜெர்மனியிலிருந்தும் பயிற்சியாளர் வந்தார். ஐரோப்பிய உடற்பயிற்சி அறிவியலைக் கியூபாவின் கால் தாளத்தோடு சேர்த்தார் சகர்ரா. மாகாணந்தோறும் விளையாட்டுப் பள்ளிகள். அங்கே தேறியவருக்கு மேல்நிலைப் பள்ளி. அங்கும் தேறியவருக்கு ஹவானாவின் புறநகரான வஹாயில் 'லா ஃபிங்கா' பயிற்சி மையம். ஆண்டுதோறும் பிளாயா ஹிரோன் தேசியப் போட்டி. அதில் வெல்வது ஒலிம்பிக்கில் வெல்வதைவிடக் கடினம் என்று வீரர்கள் சொல்வது மிகையல்ல. ஒரே எடைப்பிரிவில் மூன்று உலகத்தர வீரர்கள் இருந்த ஆண்டுகள் உண்டு.

1968 மெக்சிகோவில் இரண்டு வெள்ளி. 1972 மியூனிக்கில் மூன்று தங்கம்: ஒர்லாந்தோ மார்த்தினெஸ், எமிலியோ கொர்ரேயா, தியோஃபிலோ ஸ்டீவன்சன்.

ஸ்டீவன்சன் 1952-இல் லாஸ் துனாஸின் புவெர்தோ பாத்ரேயில் பிறந்தவர். தந்தை செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து பிழைப்புக்கு வந்தவர். மியூனிக்கின் காலிறுதியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக்கைச் சந்தித்தார். முந்தைய ஆண்டு பான் அமெரிக்கப் போட்டியில் அவரைத் தோற்கடித்தவர். தங்கம் பாபிக்குக்கே என்று அமெரிக்கா எழுதி முடித்திருந்தது. மூன்றாவது ரவுண்டில் ஸ்டீவன்சனின் வலக்கை இறங்கியது. பாபிக் மூன்றுமுறை விழுந்தார். 1976 மாண்ட்ரியலில் அரையிறுதியில் ஜான் டேட்டை ஒரே ரவுண்டில் முடித்தார்; அந்த டேட் மூன்றாண்டு கழித்துத் தொழில்முறை உலக ஹெவிவெயிட் சாம்பியன். 1980 மாஸ்கோவில் மூன்றாவது தங்கம். முகமது அலியோடு மோதப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பேசினார்கள். கியூப மக்களின் அன்புக்கு முன் அந்தப் பணம் எம்மாத்திரம் என்று மறுத்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைக் கியூபா புறக்கணித்ததில் நான்காவது தங்கம் கைநழுவியது.

ஃபெலிக்ஸ் சவோனின் பதக்கக் கணக்கு அதைவிட நீளம். குவாந்தானாமோவில் பிறந்தவர். 1992, 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்கள், ஆறு உலக சாம்பியன் பட்டங்கள், ஸ்டீவன்சனுக்கு மூன்றே. 1988 சியோலையும் கியூபா புறக்கணித்ததால் அவருக்கும் நான்காவது தங்கம் எட்டவில்லை. அமெரிக்கச் சண்டை ஏற்பாட்டாளர் டான் கிங் நீட்டிய கோடிகளை அவரும் தொடவில்லை. எண்களை வைத்து ஹவானா இளைஞர்கள் சவோனை முன்னால் நிறுத்துகிறார்கள். ஆனால் எண்களுக்கு உள்ளேயும் பார்க்க வேண்டும். 1997 புடாபெஸ்ட் உலகப் போட்டியின் இறுதியில் அவர் உஸ்பெகிஸ்தானின் ருஸ்லான் சகாயெவிடம் தோற்றார். சகாயெவ் முன்பே தொழில்முறைச் சண்டை போட்டிருந்தது தெரிந்து பட்டம் சவோனுக்கு மாறியது. முக்கியமான வேறுபாடு எடையில் இருக்கிறது. சவோன் மோதியது 91 கிலோ வரம்புள்ள பிரிவில். ஸ்டீவன்சனின் காலத்தில் மேல் வரம்பே கிடையாது; எதிரே எவ்வளவு பெரியவர் வந்தாலும் மோதியாக வேண்டும். தலைக்கவசமும் இல்லை. சோவியத்தின் இகோர் விசோத்ஸ்கி ஸ்டீவன்சனை இருமுறை வென்றது உண்மை. அதையும் சேர்த்தே எடைபோட்டாலும் ஸ்டீவன்சனின் தட்டு தாழ்கிறது.

1992 பார்சிலோனாவில் கியூபா ஏழு தங்கம் அள்ளியது. சோவியத் ஒன்றியம் சரிந்து, ஹவானாவில் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் வரிசை நின்ற காலம் அது. தங்கம் வென்ற எழுவரில் ஒருவரான ஹோயல் கசமாயோர் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்குச் சற்று முன் அமெரிக்காவுக்குத் தப்பினார். 2006-இல் யுரியோர்கிஸ் கம்போவா உட்பட ஏதென்ஸ் தங்க நாயகர்கள் மூவர் வெனிசுவேலாப் பயிற்சி முகாமிலிருந்து வெளியேறினார்கள். 2008 பெய்ஜிங்கில் கியூபாவுக்கு ஒரு தங்கமும் இல்லை. அங்கே அரையிறுதியில்தான் இந்தியாவின் விஜேந்தர் சிங்கைத் தோற்கடித்தார் எமிலியோ கொர்ரேயா. மியூனிக் தங்க நாயகரின் மகன். இந்தியக் குத்துச்சண்டையில் கியூபப் பள்ளியின் கைரேகை வேறு விதத்திலும் உண்டு: பல்லாண்டு இங்கே பயிற்சியளித்த கியூபர் பி.ஐ. ஃபெர்னாண்டஸ், 2012-இல் துரோணாச்சார்யா விருது பெற்ற முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர்.

இரண்டு வரலாறுகளிலும் கால் வைத்தவர்களில் உயரமானவர் கியெர்மோ ரிகொண்டோ. 2000, 2004 ஒலிம்பிக் தங்கங்கள். 2007 ரியோ பான் அமெரிக்கப் போட்டியில் அணியை விட்டு மறைந்து, பிடிபட்டு, திருப்பி அனுப்பப்பட்டார். இனி கியூபாவுக்காக மேடையேற முடியாது என்றானது. 2009-இல் மயாமி சேர்ந்தார். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில், முந்தைய ஆண்டின் சிறந்த வீரர் எனப் பெயர் பெற்ற நொனிதோ டொனேரை வென்றார். தற்காப்பின் தூய வடிவம் அந்தச் சண்டை. ஆனால் தொலைக்காட்சிக்கு அது பிடிக்கவில்லை. அடிபடாமல் வெல்வதுதான் கலை என்று கற்ற பள்ளியிலிருந்து, அடிபடுவதைக் காண்பதற்கே காசு கொடுக்கும் சந்தைக்கு வந்து சேர்ந்தார். 2017-இல் தன்னைவிடப் பெரிய எடைப்பிரிவில் வசில் லொமசென்கோவிடம் ஆறு ரவுண்டில் விலகியபோது வயது 37. இருபத்தைந்தில் வந்திருந்தால் என்ற கேள்வி அவரோடு சேர்ந்தே வாழும்.

தடை அறுபது ஆண்டு நின்றது. 2022-இல் அரசே ஒரு மெக்சிகோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. மே மாதம் அகுவாஸ்கலியென்தெஸ் நகரில் கியூப தேசிய அணியினர் தொழில்முறை மேடை ஏறி வென்றார்கள். அதற்குள் தலைமுறைகள் போய்விட்டிருந்தன. 2024 பாரிஸில் இருமுறை ஒலிம்பிக் சாம்பியன் ஹூலியோ சேசர் லா குரூஸ் முதல் சண்டையிலேயே வெளியேறினார். வென்றவர் அஜர்பைஜான் சட்டை அணிந்த லோரென் அல்ஃபோன்சோ. கியூபாவில் பிறந்தவர்.

இனித் தீர்ப்பு. பதக்கத்தையும் பெல்ட்டையும் கூட்டிக் கழித்துச் சொல்ல முடியாது. யாரோடு மோதினார், எத்தனை ரவுண்டு தாங்கினார், எந்த வயதில் எவ்வளவு சோதிக்கப்பட்டார் என்று பார்த்தால் முதலிடம் கிட் கவிலானுக்கே. ராபின்சன், கிரஹாம், பசிலியோ, பிராட்டன் என்று தம் காலத்தில் ஒருவரையும் ஒதுக்காமல் மோதி, ஒருமுறைகூட நாக்அவுட் ஆகாதவர். இரண்டாமிடம் ஸ்டீவன்சனுக்கு. பதினைந்து ரவுண்டு அவர் போகவேயில்லை என்பது மட்டுமே தடை. அது அவர் குறையல்ல, ஆனாலும் கணக்கில் வரும். மூன்றாவது நாபொலெஸ். வழிதிறந்த கிட் சாக்லேட் நான்காவது, சவோன் ஐந்தாவது, ரொட்ரிகஸ் மயிரிழையில் ஆறாவது.

ஏற்காதவர்கள் இருப்பார்கள். 1953-இல் கவிலான் பசிலியோவோடு மோதியதும், மியூனிக்கில் ஸ்டீவன்சன் பாபிக்கை வீழ்த்தியதும் இன்று இணையத்தில் காணக் கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு மறுப்பை எழுதுங்கள்.